சன்னி ரோலின்ஸ்: பேரும் புகழும் இருந்தபோது 1959-ல் மேடையை விட்டு இறங்கியது ஏன்? (விவாத இழை)

இரவல்ரேடியோ

இங்கே ஜாஸ் பேச்சு எடுத்தாலே மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் என்று இரண்டு பேரோடு முடிந்துவிடுகிறது. சன்னி ரோலின்ஸுக்கென்று ஒரு தனி இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தொடங்குகிறேன், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1930 செப்டம்பர் 7-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் கரீபியக் கடலில் உள்ள வர்ஜின் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். வளர்ந்த வட்டாரமே இசைக்காரர்களின் வட்டாரம். டெனர் சாக்ஸபோனுக்கு அன்றைக்குத் தலைமகனாக இருந்த கோல்மன் ஹாக்கின்ஸ் பக்கத்தில்தான் குடியிருந்தார். சிறுவன் ரோலின்ஸ் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் காத்திருந்து கையெழுத்து வாங்கியிருக்கிறான். கூட வளர்ந்த பையன்கள் ஜாக்கி மெக்லீன், ஆர்ட் டெய்லர், கென்னி ட்ரூ. பள்ளி விட்டதும் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் வீட்டு ஒத்திகைக்குப் போய்விடுவான். 1949-ல், 19 வயது நிரம்பும் முன்பே, இன்னொரு பியானோக்காரர் பட் பவலோடு ரெக்கார்டிங்.

1956-ல் இருந்து மூன்று வருஷம் அவர் வாசித்துத் தள்ளியதைப் பாருங்கள். 'டெனர் மேட்னஸ்', 'சாக்ஸபோன் கொலோசஸ்', மங்க்கோடு 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்', பிறகு 'வே அவுட் வெஸ்ட்', வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் நேரடிப் பதிவு, 'ஃப்ரீடம் சூட்'. 1959-ல் வயது 28. டெனர் என்றால் இவர்தான் என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது கச்சேரி, ரெக்கார்டிங் இரண்டையும் நிறுத்திவிட்டார். 1961 நவம்பர் வரை மேடையில் ஆளே இல்லை. மான்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் தனியாக நின்று சாதகம் செய்துகொண்டிருந்தார்.

ஏன்? தன் பெயர் தன் வாசிப்பைவிட வேகமாக வளர்ந்துவிட்டது, காசு கொடுத்துக் கேட்க வருகிறவர்களுக்கு அதற்கேற்ற இசையைத் தான் தரவில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நான் அதை அப்படியே நம்புகிறேன். விளம்பரத்துக்குச் செய்தது என்றும், கோல்ட்ரேனைப் பார்த்துப் பயந்தார் என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் பார்வை என்ன?

கறுப்புத்தட்டு

பாலத்துக் கதை அழகான கதைதான். ஆனால் அந்தக் கதை இசையை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறது. ஒரு ஆல்பம்கூடக் கேட்காதவனுக்கும் 'பாலத்தில் வாசித்தவர்தானே' என்று தெரிந்திருக்கிறது. இது எனக்கு வருத்தம்.

எனக்கு ரோலின்ஸ் என்றால் 1956, 57, 58. 'சாக்ஸபோன் கொலோசஸ்' 1956 ஜூன் 22-ல் ஒரே நாளில் பதிவானது. நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார், அங்கேதான். டாமி ஃப்ளனகன் பியானோ, டக் வாட்கின்ஸ் பாஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்), மேக்ஸ் ரோச் டிரம்ஸ். முதல் பாட்டு 'செயின்ட் தாமஸ்', அம்மா பாடிக் கேட்ட தீவு மெட்டு. ரோச் டிரம்ஸில் கலிப்ஸோ என்ற கரீபியத் தாளத்தைப் போட்டு நிறுத்தியதும் ரோலின்ஸ் உள்ளே வருவார். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது இரண்டே இரண்டு ஸ்வரம். அதையே தள்ளி வைத்து, முன்னால் இழுத்து, தாளத்தின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தி, கேட்கிறவனைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பிறகுதான் திறந்துவிடுவார். 25 வயதில்!

நேராகவே கேட்கிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் சாதகம் செய்துவிட்டு 1962 தொடக்கத்தில் 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தைக் கொடுத்தார். அதில் முன்பு இல்லாதது என்ன இருக்கிறது? அவர் இல்லாத அந்த இடைவெளியில் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் புது மாதிரி வாசித்து ஊரையே இரண்டாகப் பிரித்துவிட்டார். கோல்ட்ரேனிடமிருந்து 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்', 'மை ஃபேவரிட் திங்ஸ்' வந்துவிட்டன. ரோலின்ஸ் திரும்பி வந்தபோது புதிதாக எதையோ எதிர்பார்த்திருந்த பல விமர்சகர்கள் ஏமாந்துபோனார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ரீட்நம்பர்3

நான் டெனர் வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன், சர்ச், சின்னச் சின்ன கிளப் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். அதனால பாலத்தைப் பத்தி வாசிக்கிறவன் கண்ணோட்டத்துல சொல்றேன்.

அவர் வீடு லோயர் ஈஸ்ட் சைடுல, கிராண்ட் தெருவுல. அபார்ட்மென்ட்ல டெனர் வாசிச்சா என்ன ஆகும்னு எங்களை மாதிரி ஆளுங்களைக் கேளுங்க. பக்கத்து வீட்டுல ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்ததாவும், அவங்களைத் தொந்தரவு பண்ண மனசு வரலைன்னும் அவர் சொல்லியிருக்கார். ஒரு நாள் டிலான்சி தெருவுல நடந்து போறப்ப பாலத்துக்கு ஏர்ற படிக்கட்டைப் பார்த்து மேல ஏறியிருக்கார். மேல ஒரு ஆள் இல்லை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டார்.

அந்த இடத்தோட சத்தத்தை நினைச்சுப் பாருங்க. பக்கத்துல ரயில் ஓடுது, கார் ஓடுது, கீழ ஈஸ்ட் ரிவர்ல கப்பல் ஹாரன் அடிக்குது. அறைக்குள்ள வாசிக்கும்போது சுவர் உங்க சத்தத்தைத் திருப்பிக் குடுக்கும். அது ஒரு பொய்யான தைரியம். திறந்த வெளியில ஒண்ணும் திரும்பி வராது. தொனி கனமா இருக்கணும்னா அது உங்க வயித்துல இருந்து, உதட்டுப் பிடியில இருந்து மட்டும்தான் வரணும். காத்து அடிச்சா ரீட் (வாய்ல வெக்கிற நாணல் தகடு) காஞ்சுபோகும், ஓரத்துல கீச்சுன்னு கத்தும். குளிர் காலத்துல குழாய்க்குள்ள காத்து குளிர்ந்து சுருதி இறங்கிடும், உதட்டால ஏத்திப் பிடிக்கணும். அதுல மணிக்கணக்கா. சில நாள் 15, 16 மணி நேரம்னு அவரே சொல்லியிருக்கார்.

நான் ஒரு தடவை ஆத்துப் பாலத்துக்கு அடியில நின்னு நீள ஸ்வரம் பிடிச்சுப் பார்த்தேன். லோ பி ஃபிளாட், அதாவது டெனர்ல ஆகக் கீழ ஸ்வரம், ஒரே மூச்சு. வீட்டுல கம்பீரமா கேக்குற அந்த ஸ்வரம் அங்க லாரி சத்தத்துல காணாமப் போச்சு. 'தி பிரிட்ஜ்' ஆல்பத்துல அவர் தொனியைக் கேட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஸ்வரம் ஆரம்பிக்கிற விளிம்பு, முடியிற விளிம்பு, ரெண்டும் செதுக்கின மாதிரி இருக்கும். புது ஸ்டைலைத் தேடுறவங்களுக்கு இது கண்ணுல படாது. வாத்தியம் வாசிக்கிறவனுக்கு உடனே படும்.

இன்னொண்ணு. அவர் அங்க எப்பவும் தனியா இல்லை. சோப்ரானோ சாக்ஸபோன் வாசிக்கிற ஸ்டீவ் லேஸி சில நாள் கூடப் போய் வாசிச்சிருக்கார். விளம்பரத்துக்காகன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல்: 1961-ல மெட்ரோனோம் பத்திரிகையில இதைப் பத்தி முதல்ல கட்டுரை வந்தப்ப அவர் பேரையும் மாத்தி, பாலத்தோட பேரையும் மாத்தித்தான் போட்டாங்க.

புதுக்காது

அண்ணா, நான் ஜாஸ் கேட்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. ஒரு சந்தேகம். 28 வயசுல இவ்வளவு பேர் வாங்கின ஒருத்தர் 'நான் போதாது'ன்னு நினைக்க ஏதாவது பழைய காரணம் இருக்கணுமே? சும்மா ஒரு அடக்கம்னு மட்டும் சொன்னா எனக்கு நம்ப முடியலை.

இரவல்ரேடியோ

நல்ல கேள்வி தம்பி. காரணம் இருக்கிறது, அதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

அந்தத் தலைமுறை ஜாஸ் பையன்களில் பெரும்பாலானோருக்கு ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கர்தான் தெய்வம். பார்க்கர் ஹெராயினுக்கு அடிமை. அவரைப்போல் வாசிக்க வேண்டுமானால் அதையும் செய்ய வேண்டும் என்று நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். ரோலின்ஸும் விழுந்தார். 1950-ல் ஆயுதத்தோடு கொள்ளையடிக்கப் போன வழக்கில் கைதாகி ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் சுமார் 10 மாதம் இருந்தார். பிறகு பரோல் விதியை மீறி மறுபடியும் உள்ளே.

1953 ஜனவரியில் மைல்ஸ் டேவிஸின் ஒரு ரெக்கார்டிங்கில் பார்க்கரும் ரோலின்ஸும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், அன்றைக்கு இருவருமே டெனர். 'அதையெல்லாம் விட்டுவிட்டாயா' என்று பார்க்கர் அக்கறையாகக் கேட்க, இவர் விட்டுவிட்டதாகப் பொய் சொன்னார். அன்றே உண்மை வெளிப்பட்டுவிட்டது. பார்க்கர் முகம் வாடியதைப் பார்த்ததுதான் தன்னை உலுக்கியது என்று ரோலின்ஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். 1955-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் மார்ச்சில் பார்க்கர் இறந்துபோனார். மீண்டு வந்துவிட்டேன் என்று அவரிடம் நேரில் சொல்ல ரோலின்ஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சிகிச்சை முடிந்ததும் நேராக கிளப்புக்குத் திரும்பவில்லை. பழைய கூட்டாளிகள் வாசலிலேயே நிற்பார்கள் என்று தெரியும். சிகாகோவில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டு ஒதுங்கி இருந்தார். தன்மேல் நம்பிக்கை வந்த பிறகுதான் 1955 கடைசியில் கிளிஃபோர்ட் பிரவுன், மேக்ஸ் ரோச் குழுவில் சேர்ந்தார். டிரம்பெட் வாசித்த பிரவுன் எந்தப் பழக்கமும் இல்லாத சுத்தமான மனிதர். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே இப்படி வாசிக்க முடியும் என்பதை ரோலின்ஸ் அவரிடம்தான் கண்ணால் கண்டார். 1956 ஜூன் 26-ல் கார் விபத்தில் பிரவுனும், குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும், பவலின் மனைவியும் இறந்துபோனார்கள். பிரவுனுக்கு 25 வயது. மேலே கறுப்புத்தட்டு சொன்ன 'சாக்ஸபோன் கொலோசஸ்' பதிவாகி நான்காம் நாள் அது.

ஆக 1959-ல் நிறுத்தியது அவருக்கு முதல் முறை இல்லை. ஊர் என்ன சொன்னாலும் விலகிப் போய்த் தன்னைச் சரிசெய்துகொண்டு வந்தால் பிழைக்கலாம் என்பதை 1955-லேயே அவர் செய்து பார்த்துவிட்டார். பாலத்தை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

பனங்கூடல்

நல்ல இழை. ஒரு விசயத்தை இன்னும் ஒருத்தரும் கதைக்கேல்லை. 1958-ல வந்த 'ஃப்ரீடம் சூட்'.

ரோலின்ஸின்ர பாட்டி அரசியல் ஈடுபாடு உள்ள மனுசி. கறுப்பின மக்களின்ர உரிமை ஊர்வலங்களுக்குச் சின்னப் பொடியனா இருக்கேக்கயே இவரையும் கூட்டிக்கொண்டு போனவ. அந்த வளர்ப்புத்தான். புகழோட இருக்கிற காலத்திலயும் நியூயோர்க்கில வீடு வாடகைக்குத் தேடினா, நிறத்தைப் பாத்து இல்லை எண்டு சொல்லிப் போடுவினம். பத்திரிகையில படம் வருது, வீடு கிடைக்குதில்லை. அந்தக் கோபத்தில பிறந்த இசைதான் இது. பியானோ இல்லை. ஒஸ்கார் பெட்டிஃபோர்ட் பேஸ், மேக்ஸ் ரோச் ட்ரம்ஸ், இவர். மூண்டு பேர், 19 நிமிசத்துக்குக் கிட்ட, ஒரு பக்கம் முழுக்க ஒரே ஆக்கம்.

உறையில இவரே சின்னதா ஒரு குறிப்பும் எழுதினவர். அமெரிக்காவின்ர பேச்சிலயும் சிரிப்பிலயும் இசையிலயும் கறுப்பு மக்களின்ர பங்கு ஊறிக் கிடக்குது, ஆனா அந்தச் சனத்தையே ஒடுக்கினம் எண்டு. 1958-ல இதைப் பகிரங்கமா எழுதிறது சின்ன விசயமில்லை. பிறகு கொம்பனி அந்த ஆல்பத்தை 'ஷேடோ வால்ட்ஸ்' எண்டு வேற பேரில திருப்பி விட்டது. விடுதலை எண்ட சொல்லே அட்டையில இல்லை.

இதையும் சேத்துப் பாருங்கோ. அடுத்த வருசம் மனுசன் எல்லாத்தையும் நிப்பாட்டிறார். குடிக்கிறதுக்கும் சத்தம் போடுறதுக்கும் சனம் வாற கிளப்புகள், காசைக் கையில வைச்சிருக்கிற முதலாளியள், இந்தத் தொழிலின்ர சூழலே அவருக்கு வெறுத்துப்போன ஒண்டு. பாலத்தில ஒருத்தரும் டிக்கெட் விக்கேல்லை. வானமும் ஆறும்தான். எனக்கு அதுதான் பெரிசாப் படுது.

நிரவல்

எல்லாப் பதிவுகளும் அருமை. நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவள், ஜாஸுக்குள் வந்ததே ரோலின்ஸ் வழியாகத்தான். அதனால் அவர் வாசிப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

'சாக்ஸபோன் கொலோசஸ்' கடைசியில் 'ப்ளூ செவன்' என்று 11 நிமிஷத்துக்கு மேல் ஒரு பாட்டு. டக் வாட்கின்ஸ் பாஸ் தனியாக நடந்து வரும். பிறகு ரோலின்ஸ் ஒரு சின்ன மெட்டை வைப்பார். இன்ன சுருதி என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி சாய்ந்து நிற்கிற மெட்டு. அப்புறம் அவர் எங்கே போனாலும் அந்த மெட்டின் ஒரு துண்டு கையில் இருக்கும். ரோச் தனியாக வாசிக்கும்போதும் அதே துண்டிலிருந்துதான் கட்டுவார். மெட்டை ஒரு தரம் வாசித்துவிட்டு, அதன் அடியில் ஓடும் கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மட்டும் பிடித்துக்கொண்டு வேகமாகப் பறப்பதுதான் அந்தக் காலத்தில் பலருடைய வழி. இவர் மெட்டை விடவே இல்லை. சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதன் இடங்கள் குலையாமல் விரித்துப் பாடுகிற நிரவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். ராகம் கிடையாது, சுருதியும் நிலையாக நிற்காது, ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. கவனிக்கிற முறை ஒன்று.

1958-ல் இசையமைப்பாளரும் விமர்சகருமான குந்தர் ஷுல்லர் இந்த ஒரு பாட்டை வைத்து ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஜாஸ் விமர்சனத்தில் இன்றைக்கும் பேசப்படுகிற கட்டுரை. ரோலின்ஸுக்கு அது நன்மை செய்யவில்லை. தன்னையறியாமல் செய்துகொண்டிருந்ததை ஒருவர் பிரித்துக் காட்டிவிட்டதும், வாசிக்கும்போது தன்னையே கவனிக்கிற தொல்லை வந்துவிட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாலத்துக்கு ஓடியதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

கறுப்புத்தட்டு

நிரவல் சொன்ன 'ப்ளூ செவன்' அலசலோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். 1956-லேயே அது எல்லாம் இருந்தது!

பியானோவை எடுத்துவிட்ட துணிச்சலும் அப்போதே வந்துவிட்டது. 1957 மார்ச் 7-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'வே அவுட் வெஸ்ட்'. பாஸ் வாசித்த ரே பிரவுன், டிரம்ஸ் வாசித்த ஷெல்லி மேன் இருவரும் வேறு வேலைகளில் இருந்ததால் அதிகாலை 3 மணிக்குத்தான் தொடங்கினார்கள். பியானோ இருந்தால் கார்டுகளை அது சொல்லிக்கொண்டே இருக்கும், வாசிக்கிறவனுக்கு ஒரு வேலி. அது போனதும் பாஸ் மட்டும் தடம் காட்ட, இவர் தன் இஷ்டத்துக்குத் திரியலாம். 'ஐ ஆம் ஆன் ஓல்ட் கௌஹேண்ட்' பாட்டில் ஷெல்லி மேன் மரக்கட்டையில் டொக்கு டொக்கென்று குதிரைக் குளம்பு போடுவதைக் கேளுங்கள். சின்ன வயதில் கௌபாய் படம் பார்த்துத் திரிந்தவர் ரோலின்ஸ். அட்டைப்படத்தில் பாலைவனத்தில் தொப்பியும் இடுப்புப் பட்டையுமாக, கையில் துப்பாக்கிக்குப் பதில் சாக்ஸபோனோடு நிற்பார். எடுத்தவர் வில்லியம் கிளாக்ஸ்டன். அதே வருஷம் நவம்பர் 3-ல் வில்லேஜ் வான்கார்டில் பாஸ் வில்பர் வேர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸோடு. அந்த கிளப்பில் பதிவான முதல் நேரடி ஆல்பம் அது. அதில் இருக்கிற முரட்டுச் சுதந்திரம் 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தில் இல்லை. ஜிம் ஹாலின் கிட்டார் அழகு. ஆனால் எல்லாம் கொஞ்சம் மெருகு ஏறிவிட்டது.

இரவல்ரேடியோ

'தி பிரிட்ஜ்' ஒன்றை மட்டும் வைத்து அந்த இரண்டு வருஷத்தை அளப்பதில்தான் எனக்கு மாறுபாடு. ஆர்சிஏ விக்டர் ரெக்கார்ட் கம்பெனி பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போட்டு வெளியிட்ட முதல் ஆல்பம் அது. ஊரே காத்திருந்தது. அதில் அவர் நிதானமாக இருந்தார்.

அதே 1962 ஜூலையில் என்ன செய்தார் என்று பாருங்கள். ஆர்னெட் கோல்மனோடு வாசித்த டான் செர்ரி (டிரம்பெட் குடும்ப வாத்தியம்), பில்லி ஹிக்கின்ஸ் (டிரம்ஸ்) இருவரையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு வில்லேஜ் கேட் கிளப்பில் வாசித்தார். 'அவர் மேன் இன் ஜாஸ்' என்று வந்தது. 1954-ல் மைல்ஸுக்காகத் தானே எழுதிக் கொடுத்த 'ஓலியோ' பாட்டை எடுத்து 25 நிமிஷம் உடைத்து, வளைத்து, வேகம் மாற்றி, எங்கேயோ கொண்டுபோகிறார். 1956-ன் ரோலின்ஸால் இதைச் செய்திருக்க முடியுமா? என் காதுக்குப் படவில்லை. தனக்குப் பின் வந்தவர்களின் இசைக்குள் போய் நின்று, அங்கேயும் தன் குரலிலேயே பேசுகிற தைரியம் அது.

அடுத்த வருஷம் இன்னொரு திசை. 1963 ஜூலையில், வாசலில் காத்திருந்து கையெழுத்து வாங்கினாரே, அந்தக் கோல்மன் ஹாக்கின்ஸோடு ஒரு ஆல்பம். அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய வாசிப்பையும் குணத்தையும் வியந்து ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவ்வளவு மரியாதை. ஆனால் ஸ்டூடியோவில் பணிந்து பின்னால் போகவில்லை. பெரியவர் அவர் பாணியில் வாசிக்க, இவர் கோணல் ஸ்வரங்களும் உறுமலுமாகப் பதில் சொல்வார். குருவைக் காப்பி அடிக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

ரீட்நம்பர்3

ஆமா. அப்புறம் ரோலின்ஸை ரெக்கார்டை மட்டும் வெச்சு எடை போடுறதே சரியில்லை. ஸ்டூடியோன்னாலே அவருக்கு ஒட்டாது. தன் ரெக்கார்டைத் திருப்பிக் கேக்கவே பிடிக்காத ஆள். மேடையிலதான் அவர் அவரா இருப்பார்.

1986-ல நியூயார்க் மாநிலத்துல சாகர்ட்டீஸ்னு ஒரு ஊர், பழைய கல் குவாரியில ஓப்பஸ் 40-ன்னு ஒரு சிற்ப வெளி. அங்க கச்சேரி, டாக்குமென்டரிக்கு ஷூட்டிங்கும் நடக்குது. தனியா வாசிச்சுக்கிட்டே கல் மேடை ஓரத்துக்கு வந்து, அங்கிருந்து கீழ குதிச்சுட்டார். குதிகால் எலும்பு உடைஞ்சுபோச்சு. மல்லாந்து படுத்த மேனிக்கே வாயில இருந்து சாக்ஸை எடுக்காம வாசிப்பைத் தொடர்ந்தார். வீடியோ இருக்கு. அப்ப அவருக்கு 55 வயசு. அதுக்கு முந்தின வருஷம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்துல பக்கவாத்தியமே இல்லாம ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஒத்தை ஆளா வாசிச்சதும் ஆல்பமா இருக்கு. பாலத்துல கத்துக்கிட்டது எங்க போச்சுன்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

புதுக்காது

அவர் இந்தியாவுக்கு வந்திருக்காருன்னு எங்கேயோ படிச்சேன். உண்மையா? சங்கீதம் கத்துக்கவா வந்தார்?

நிரவல்

வந்தார் தம்பி. சங்கீதத்துக்காக இல்லை. அறுபதுகளின் கடைசியில் மும்பை பவாயில் இருக்கும் சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி வேதாந்தம் படித்தார். பாலத்துக் காலத்திலேயே யோகப் பயிற்சி தொடங்கியிருந்தார், அது வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது.

அங்கே நடந்த ஒன்றை அவர் பேட்டிகளில் சொல்வதுண்டு. கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் செய்யத் தனக்கு வரவில்லை என்று சுவாமியிடம் போய் முறையிட்டிருக்கிறார். சாக்ஸபோன் வாசிக்கும்போது மனம் ஒன்றுகிறதல்லவா, அதுவே உனக்குத் தியானம் என்று சுவாமி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கவலை அவருக்கு இல்லை.

1966-க்குப் பிறகு ஆறு வருஷம் புது ஆல்பம் எதுவும் இல்லை. 1972-ல்தான் திரும்பினார். பாலத்துக் காலத்தைவிட இது நீண்ட இடைவெளி, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இம்முறை கூட மனைவி லூசில் இருந்தார். 1965-ல் திருமணம். ஒப்பந்தம், கணக்கு, பயணம் எல்லாவற்றையும் லூசில் கையில் எடுத்துக்கொண்டார், பின்னாளில் ஆல்பங்களைத் தயாரித்ததும் அவர்தான். கிளப்புகளை விட்டுவிட்டுப் பெரிய அரங்குகளிலும் விழாக்களிலும் மட்டும் வாசிப்பது, ஊதியத்தில் விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்ற நிலைமை அப்படித்தான் அமைந்தது. பனங்கூடல் சொன்ன அந்தச் சூழல் வெறுப்புக்கு மருந்து கண்டவர் லூசில். ரோலின்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. இது அநியாயம்.

பனங்கூடல்

லூசிலைப் பற்றி அக்கா சொன்னது சரி. 2001-ல நடந்ததும் அவவாலதான்.

செப்டெம்பர் 11 அண்டைக்கு ரோலின்ஸ் உலக வர்த்தக மையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடிக் கட்டடத்தில, நாப்பதாம் மாடிக்குக் கிட்ட இருந்தவர். அடுத்த நாள்தான் வெளியேத்தினவை. கையில சாக்ஸபோனோட இறங்கி வந்தார், வயசு 71. நாலு நாளில பொஸ்டனில ஒரு கச்சேரி ஏற்கனவே ஒழுங்கு பண்ணியிருந்தது. வாசிக்கிற மனநிலை இல்லை, ரத்துப் பண்ணுவம் எண்டு இவர் சொல்ல, போகத்தான் வேணும் எண்டு லூசில் நிண்டவ. செப்டெம்பர் 15 இரவு பெர்க்லி அரங்கில வாசிச்சவர். அந்தப் பதிவு 2005-ல வெளிவந்தது, அதில வாசிச்ச ஒரு தனி ஆவர்த்தனத்துக்கு கிராமியும் கிடைச்சது. ஆனா அது வெளிவாறதுக்கு முதலே, 2004 நவம்பரில லூசில் காலமாயிட்டா.

2012-க்குப் பிறகு அவர் மேடை ஏறேல்லை. நுரையீரல் நோய். மூச்சுத்தான் வாத்தியம் எண்டு வாழ்ந்தவருக்கு அதிலயே வந்து விழுந்தது. வீட்டில கூட வாசிக்கேலாமப் போச்சுது. அதைப் பற்றிக் கேட்டவைக்கு அவர் ஒரு இடத்திலயும் புலம்பேல்லை, வாழ்ந்ததுக்கு நன்றியோட இருக்கிறன் எண்டுதான் சொன்னவர். அவரின்ர குறிப்பேடுகள், கடிதங்கள், ஒத்திகை ஒலிநாடாக்கள் எல்லாம் 2017-ல ஹார்லெமில இருக்கிற ஷோம்பர்க் ஆய்வு மையத்துக்குப் போய்ச் சேந்தது. பிறந்த ஊருக்கே.

அந்தப் பாலத்துக்கு ரோலின்ஸின்ர பேரை வைக்க வேணும் எண்டு நியூயோர்க்கில ஒரு இயக்கமும் நடந்தது. வைக்கத்தான் வேணும்.

கறுப்புத்தட்டு

பேர் வைக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். 'தி பிரிட்ஜ்' பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் 'அவர் மேன் இன் ஜாஸ்' பற்றி இரவல்ரேடியோ எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு மறுபடி போட்டேன். 'ஓலியோ' ஓடி முடிந்ததும் வேறு எதுவும் போடாமல் நிறுத்திவிட்டேன். 1957 வான்கார்டில் இருந்த முரட்டுத்தனம் இதில் இருக்கிறது, கூடவே டான் செர்ரி எங்கே திரும்பினாலும் அங்கே நிற்கிற சுறுசுறுப்பும் இருக்கிறது. பாலத்தில் கிடைத்தது இதுதான் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

புதுக்காது

எல்லாருக்கும் நன்றி. எதுல இருந்து தொடங்கட்டும்?

ரீட்நம்பர்3

தம்பி, 'செயின்ட் தாமஸ்' முதல்ல. அது பிடிச்சுப்போச்சுன்னா 'வே அவுட் வெஸ்ட்' முழுசா. அப்புறம் 'வித்தவுட் எ சாங்'னு ஒரு பழைய பாட்டு. 'தி பிரிட்ஜ்' ஆல்பம் தொடங்குறதே அதுலதான், 1962. 2001 பாஸ்டன் கச்சேரியிலயும் அதே பாட்டை வாசிச்சார். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. முதல்ல ஜிம் ஹால் கிட்டாரோட வர்ற 1962. ரெண்டுலயும் பாஸ் வாசிக்கிறது ஒரே ஆள்தான், பாப் கிரான்ஷா. ஹெட்போன் வேண்டாம், முடிஞ்சா ஸ்பீக்கர்ல போடுங்க. டெனர் தொனி அறையில பரவினாதான் முழுசாத் தெரியும். கேட்டுட்டு இங்க வந்து எழுதுங்க.